வாசகர் கேள்வி – ஆயர் பதில்: "இதை நான் அறியாதிருந்தேன்"

கடந்த இரண்டு மாதங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு சொற்களில், ஒன்றையே கேட்டிருந்தன: கடவுள் மெய்யாகவே நம்மோடு இருக்கிறார் என்பதை அன்றாட வாழ்வில் எப்படி அறிந்துகொள்வது? அவற்றுள் ஐந்து கடிதங்களை இவ்விதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விரும்பியபடியே வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 43 வயது. பிறந்தது முதல் ஆலயத்துக்குப் போகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடமும் நடத்துகிறேன். ஆனால், ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது, "கர்த்தர் என்னோடு பேசினார்", "அவருடைய பிரசன்னம் என்னை நிரப்பிற்று" என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நேர்ந்ததே இல்லை. கன்வென்ஷன் பந்தலில் எல்லாரும் கண்ணீர்விட்டு ஜெபிக்கும்போது, நான் மட்டும் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, என் விசுவாசம் பொய்யானதா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, அரிசியைப் பற்றிய வரியை இருமுறை படித்தேன், அதற்குப் பிறகு வருகிறேன். தங்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கக்கூடும் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 36 ஆண்டுகள் சபைகளில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற நானும் கடவுளின் குரலைக் காதால் கேட்டவன் அல்லன். தரிசனம் கண்டவனும் அல்லன். அப்படிக் கண்டோம் என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. என் கணக்கில் அது எழுதப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

சாட்சி என்பது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிச் சொல்லப்படுவது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒரு சகோதரர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் சாட்சிக்குள் ஐந்து ஆண்டுக் குழப்பமும் சலிப்பும் கோபமும் சுருங்கிக் கிடக்கின்றன. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்ற அன்றைக்கே அவருக்குக் "கர்த்தர் நடத்துகிறார்" என்று தோன்றியிருக்குமா என்பது ஐயமே. திரும்பிப் பார்த்தபோதுதான் அது நடத்துதலாகத் தெரிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. திருமறையில் கடவுளைச் சந்தித்தவர்கள் பலரும் அப்படித்தான் அறிந்தார்கள். கல்லைத் தலையணையாக வைத்து வெட்டவெளியில் தூங்கி எழுந்த யாக்கோபு சொன்னது, "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்பதே. கடவுளின் மகிமையைக் காட்டும்படி கேட்ட மோசேக்கு, அவர் கடந்துபோன பிறகு பின்பக்கத்தைக் காண்பாய், முகமோ காணப்படாது என்ற மறுமொழி கிடைத்தது. எம்மாவுக்கு ஏழெட்டு மைல் நடந்த இரண்டு சீஷர்கள், வழிநெடுக உடன் வந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அறியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது கண்டுகொண்டார்கள், கண்டுகொண்டதும் அவர் மறைந்துபோனார். "வழியிலே நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது அதன் பிறகே. எரிந்துகொண்டிருந்த வேளையில் அதை அவர்கள் சோர்வு என்றோ வெயில் என்றோகூட நினைத்திருக்கலாம். ரூத்தின் சரித்திரத்தில், பின்னர் அவளை மணந்த போவாசின் வயல் அவளுக்குத் "தற்செயலாய்" நேர்ந்தது என்றே எழுதியிருக்கிறது. கதிர் பொறுக்கப் போன அந்தக் காலையில் அவளிடம் கேட்டிருந்தால் வெயில் கடுமை என்று சொல்லியிருப்பாள்.

உணர்ச்சியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பு நல்ல உதாரணம். 1738 மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டுக்கொண்டிருந்தபோது தம் இருதயம் விசித்திரமாய்க் கதகதப்படைந்ததாக அவர் எழுதினார். அந்த வரியை மேடைகளில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரியில், தாம் இப்போது ஒரு கிறிஸ்தவரே அல்லர் என்று அதே வெஸ்லி எழுதியதை யாரும் மேடையில் சொல்வதில்லை. கதகதப்பு வந்தது, தணிந்தது. அவர் குதிரையேறிப் பிரசங்கிக்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. அந்த ஊழியம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். எது தங்கி நிற்கிறது என்று பாருங்கள். இதைக் கற்றுக்கொடுத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். (கத்தோலிக்கப் புனிதரிடம் கற்க நம்மவர் சிலர் தயங்குவார்கள், தயங்க வேண்டாம்.) 1521-ல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த அந்தப் போர்வீரர் தம் மனத்தையே கவனித்தார். வீரசாகசங்களையும் சீமாட்டிகளையும் பற்றிக் கற்பனை செய்தபோது இன்பமாகத்தான் இருந்தது. ஆனால் கற்பனை கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. கிறிஸ்துவைப் பின்பற்றியவர்களைப் போல வாழ்வதைப் பற்றி நினைத்தபோதும் இன்பமாக இருந்தது. அந்த இன்பமோ நினைப்பு போன பிறகும் போகவில்லை. இரண்டும் வரும்போது ஒன்றுபோலவே இருந்தன. போன பிறகே வேறுபாடு தெரிந்தது. பிற்காலத்தில் அவர் தம்மோடு இருந்தவர்களுக்குக் கொடுத்த அன்றாடப் பயிற்சிகளில், நாளைத் திரும்பிப் பார்த்துத் தன்னைச் சோதித்தறிவதற்கு முதன்மையான இடம் இருந்தது.

தாங்களும் அதைச் செய்து பாருங்கள். விளக்கணைத்த பிறகு ஐந்து நிமிடம் போதும். காலையில் எழுந்ததிலிருந்து நடந்தவற்றை ஒன்றொன்றாக நினைவில் ஓடவிடுங்கள்: பால்காரர், பேருந்து, மாமியாரின் மருந்து, பிள்ளையின் முகச்சுளிப்பு, தாங்கள் எரிந்து விழுந்த நிமிடம், எரிந்து விழாமல் அடக்கிக்கொண்ட நிமிடம். அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது? எவரோ எதிர்பாராமல் செய்த உதவிக்கு நன்றி சொன்னீர்களா? எந்த இடத்தில் மனம் இளகியது, எந்த இடத்தில் இறுகியது? பெரிய கண்டுபிடிப்பு எதையும் எதிர்பார்க்காமல், கண்டதற்கு நன்றியும் தவறியதற்கு மன்னிப்பும் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். முதல் பத்து நாள் தூக்கம்தான் வரும், அதனால் பாதகமில்லை. ஒரு மாதம் கழித்து, பகல் நேரத்திலேயே சில நொடிகளில் "இது அதுதான்" என்று தோன்றத் தொடங்கும். பின்னால் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நடக்கும்போதே சிறிது தெரியும். என் அனுபவத்தில் உணர்வு வளர்ந்தது இந்த வழியாகத்தான்.

இனி அரிசிக்கு வருவோம். பந்தலில் தங்களுக்கு வந்த நினைவு, மறுநாள் வீட்டில் பசியோடு எழுந்திருப்பவர்களைப் பற்றிய கவலை. அதை ஜெபத்தின் குறுக்கே வந்த சத்துருவாக விரட்ட வேண்டியதில்லை. அந்த முகங்களை ஒவ்வொன்றாக ஆண்டவர் முன் வைத்துவிட்டால் அதுவே ஜெபமாகிவிடும். 16-ஆம் நூற்றாண்டில் அவிலாவின் தெரேசா, சமையற்கட்டு வேலை கிடைத்ததே என்று வருந்திய கன்னியருக்கு, சமையற்கட்டில் பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று எழுதினார். தங்கள் விசுவாசம் பொய் அன்று, சகோதரி. மற்றவர்களின் சொற்களில் அதைத் தேடியதால்தான் அகப்படவில்லை.

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பெரும்பாலும் இரவுப் பணி. காலையில் வீட்டுக்கு வந்ததும் வேதத்தைத் திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே தூங்கிவிடுகிறேன். "அதிகாலையில் கர்த்தரைத் தேடு" என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் குற்றவுணர்வாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கடவுளோடு எப்படி நெருங்கியிருப்பது?
— ஒரு வாசகி, வேலூர்

பதில்: அதிகாலை ஜெபத்தை வலியுறுத்தும் என் போன்றவர்களில் பலர் இரவுப் பணி பார்த்ததில்லை, அந்தக் குற்றவுணர்வில் எங்களுக்கும் பங்கு உண்டு. தூங்க வேண்டிய உடல் தூங்குவது பாவமன்று.

பாரிஸ் நகரின் கர்மேல் சபைத் துறவியர் மடமொன்றில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் என்பவரைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். போரில் காயப்பட்டுக் கால் ஊனமானவர். ஒரு சீமான் வீட்டில் ஏவலாளாக இருந்தபோது எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவார் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. அது அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. சுமார் பதினைந்து ஆண்டுகள் அதைச் செய்தார். பலரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பொருள்களைக் கேட்டுக் கூச்சலிடும் அந்தச் சமையற்கட்டில், முழங்காலில் நின்று திருவிருந்து பெறும் வேளைக்கு ஒப்பான அமைதியோடு தாம் கடவுளோடு இருப்பதாகச் சொன்னார். இந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால், முதல் பத்து ஆண்டுகள் தாம் மிகவும் துன்பப்பட்டதாகவும், தம் மனம் அலைந்துகொண்டே இருந்ததாகவும், ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் கொண்டுவந்ததே தாம் செய்ததெல்லாம் என்றும் அவர் எழுதியிருப்பதே தங்களுக்கு அதிகம் உதவும். அலைந்ததற்காகத் தம்மைத் திட்டிக்கொண்டு நேரம் கழிக்காமல், அப்படியே திரும்பினார். அவருடைய முறை அவ்வளவே.

தங்கள் பணியில் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளியிடம் போகும் முன் கை கழுவுகிறீர்கள் அல்லவா? அந்த அரை நிமிடத்தில், அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். வேறு சொற்கள் தேவையில்லை. நெகேமியா, ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையே கிடைத்த நொடியில் ஜெபம்பண்ணினான். அதைவிடத் தங்களுக்கு நேரம் அதிகம். விடுமுறை நாளில், தூங்கி எழுந்த பிறகு, எந்த மணியானாலும் சரி, வேதத்தைத் திறந்து அமைதியாக வாசியுங்கள்.

கேள்வி: ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருந்தால் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தைக் கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையையும் அப்படியே நம்புகிறேன். இது சரியா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அட்டை வேறு, விரல் வேறு. ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் மனத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ஃப் பிரபுவின் சபையார் 1728-ல் நாளுக்கு ஒரு வசனம் என்று தொடங்கியது, 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி இன்றுவரை உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. அந்த வசனம் அவர்களுக்குத் தியானப் பொருள். எந்த நிலத்தை வாங்குவது என்று காட்டும் சோதிடச் சீட்டு அன்று.

திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகஸ்தீன் 386-ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13-ஆம் அதிகார வசனத்தால் மாறினாரே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அந்தக் கணத்துக்கு முன்பு அவர் பல ஆண்டுகள் போராடியிருந்தார், அந்நகரப் பேராயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டிருந்தார், கையிலிருந்த பவுலின் நிருபங்களை முன்பே ஊன்றிப் படித்துவந்தார். அந்த வசனம் அவருக்குப் புதிய தகவல் எதையும் தரவில்லை. தெரிந்தும் செய்யாதிருந்ததைச் செய்யச் சொன்னது. தாங்கள் விரல் வைப்பதோ யோசிக்கும் உழைப்பைத் தவிர்ப்பதற்காக என்று அஞ்சுகிறேன். ஒரு நிருபத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். நிலத்தைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: கடவுளை உணர்வதெல்லாம் மூளையில் நடக்கும் மாற்றமே என்று விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு முகாமில் எனக்குக் கிடைத்த அனுபவம் உண்மையானதா, கூட்டத்தின் பாட்டும் தாளமும் ஏற்படுத்தியதா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.
— ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, பாட்டும் தாளமும் கூட்டமும் மனிதரை உருக்கும் என்பதில் ஐயமே இல்லை, கிரிக்கெட் மைதானத்திலும் அது நடக்கிறது. மூளையில் மாற்றம் நடக்கிறது என்பதும் சரியே. அம்மாவை நினைக்கும்போதும் நடக்கிறது. அதனால் அம்மா இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் இந்த வாதம் உன் நண்பர்களின் வாயை அடைக்குமே தவிர, உன் அனுபவம் கடவுளால் வந்தது என்று நிரூபிக்காது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

அமெரிக்காவின் நார்தாம்ப்டன் சபையில் பெரிய ஆவிக்குரிய எழுப்புதலைக் கண்ட ஜொனாத்தன் எட்வர்ட்ஸ், அது அடங்கிய பின்னர், 1746-ல், உன் கேள்வியையே எடுத்துக்கொண்டு ஒரு நூல் எழுதினார். உணர்ச்சி பொங்குவது, உடல் நடுங்குவது, வசனங்கள் திடீரென்று நினைவுக்கு வருவது, சரளமாகப் பேசுவது போன்ற பன்னிரண்டை வரிசைப்படுத்தி, இவை ஒருவனிடம் இருப்பதால் அனுபவம் மெய் என்றும் ஆகாது, பொய் என்றும் ஆகாது என்றார். எழுப்புதலை எதிர்த்தவர் சொல்லியிருந்தால் ஏளனமாகப் போயிருக்கும். அதை ஆதரித்து நின்றவரே சொன்னதால்தான் அதற்கு எடை. மெய்யான அடையாளங்கள் என்று அவர் கொடுத்த பட்டியலில் கடைசியாகவும் மிக விரிவாகவும் வருவது நடக்கை: நாள்பட்ட, சலிக்காத, செலவு வைக்கும் நடக்கை.

எனவே முகாமின் கடைசி இரவைத் திரும்பத் திரும்பக் கிளறாதே. அதற்குப் பின் வந்த மாதங்களைப் பார். அறைத் தோழன் உன் வாளியைக் கேட்காமல் எடுத்தபோது என்ன செய்தாய்? வருகைப் பதிவில் பொய் சொல்வதை நிறுத்தினாயா? துப்புரவுப் பணியாளரின் பெயர் உனக்குத் தெரியுமா? "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்" என்று யோவான் கேட்பது இந்தச் சோதனையைத்தான். இதில் உனக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும், எனக்கும் அவ்வளவே. ஆனால் முகாமுக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

கேள்வி: என் மனைவி இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. 41 ஆண்டுகள் இருவரும் தினமும் குடும்ப ஜெபம் செய்தோம். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது. அவளுடைய வேதாகமத்தை என்னால் திறக்க முடியவில்லை. ஆலயத்தில் வாய் திறந்து பாட வரவில்லை. இத்தனை ஆண்டுகள் உணர்ந்த கடவுள் எங்கே போனார்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, தங்கள் கடிதத்துக்கு விரைவில் பதில் எழுத இயலவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். "கடவுளின் சித்தம், அழாதீர்கள்" என்று சிலர் தங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களை மன்னித்துவிடுங்கள், சொன்னதை மறந்துவிடுங்கள். லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார்.

கடவுள் எங்கே போனார் என்று கேட்பது அவிசுவாசமன்று. 88-ஆம் சங்கீதத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. தோழர்கள் விலகிப்போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் நீக்கிவிடவில்லை. ஆலயத்தில் பாடும்படி வைத்தார்கள். பேசப்பட்டதெல்லாம் கடவுளை நோக்கியே என்பதைத் தவிர அதில் ஆறுதல் எதுவும் இல்லை. தாங்கள் சுவரைப் பார்த்துப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் அதற்குப் பொருள் உண்டு.

கொல்கத்தாவின் அன்னை தெரேசா ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கடவுளின் அருகாமையை உணராமலேயே ஊழியம் செய்தார் என்பது, 2007-ல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது. அக்கடிதங்களை அழித்துவிட வேண்டும் என்றே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை நான் சொல்வது, தங்கள் துயரத்தைப் புனிதரின் இருளோடு ஒப்பிடுவதற்காக அன்று. தங்களுடையது மனைவியை இழந்த ஒருவரின் துக்கம். அதற்கு ஆன்மிகப் பட்டம் எதுவும் சூட்ட வேண்டியதில்லை. உணர்வு இல்லாத இடத்தில் கடவுளும் இல்லை என்று கணக்கு முடித்துவிட வேண்டாம் என்பதற்காகவே சொன்னேன்.

சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுளின் "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்டது அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்த பின்னர். ஆகவே, ஐயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மையாரின் வேதாகமத்தை இப்போது திறக்க வேண்டாம். அது அலமாரியிலேயே இருக்கட்டும்; திறக்க வேண்டிய நாள் வரும்போது அடிக்கோடிட்ட வரிகளும் ஓரக்குறிப்புகளும் அங்கேயே இருக்கும். குடும்ப ஜெப நேரத்தில் தனியாக உட்காராமல், பக்கத்து வீட்டு விசுவாசிகளை வரச் சொல்லி, அவர்களை ஜெபிக்கவிட்டுத் தாங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் தவறாமல் போங்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம். பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருங்கள். தங்களுக்காகவும் சேர்த்து முன்வரிசையில் இருப்பவர்கள் பாடுவார்கள்.